வெயிலும் விரைவுச் சோதனையும்

மருந்து நல்லதா என்று கேட்பவர் பலர். அம்மருந்து எவ்விடத்தில், எத்தனை நாள், எவ்வளவு வெப்பத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். நோயை அறிவதற்குரிய கருவியைக் குறித்தோ இவ்வாறு வினவுவார் ஏறக்குறைய இலர் என்றே சொல்லலாம். கருவி சொல்லியது, ஆதலால் அது மெய் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். இவ்வொப்புதல் எவ்வளவு தூரம் தகும் என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

சென்ற சித்திரையில் ஒரு சிற்றூருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே காய்ச்சல் கண்டவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யும் ஓர் இடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். தகரக் கூரை வேய்ந்த அறை. சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரி. அதன் மேற்றட்டில், கூரைக்கு இரண்டடி கீழே, மலேரியாச் சோதனைத் தகடுகள் நிறைந்த பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பெட்டியின் மேல், 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்க வேண்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. என் பையிலிருந்த வெப்பமானியை அப்பெட்டிகளின் பக்கத்தில் வைத்தேன். கால் மணி நேரத்தில் அது 41 டிகிரி காட்டிற்று. அங்கே ஊழியம் செய்யும் அம்மையாரிடம் அதைக் காட்டினேன். “ஐயா, ஊசி மருந்தைத்தான் குளிர்ப்பெட்டியில் வைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள்; இது வெறும் அட்டைதானே?” என்றார். அவர்மீது யாதொரு குற்றமும் இல்லை. அட்டையும் மருந்தைப் போன்றதே என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அந்த ஒரு மறுமொழியே என்னை இதனை எழுதத் தூண்டியது.

மலேரியாவை அறிவதில் வெப்பம் இடையூறு செய்வது புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சுப் படை வைத்தியராகிய லவெரான் ஒரு நோயாளியின் இரத்தத்தில் இந்நோயின் ஒட்டுண்ணியை முதன்முதல் கண்டார். 1897 ஆகஸ்டு மாதத்தில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். அக்காலத்து வெக்கையில் தம் நெற்றியிலும் கைகளிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறிப் போனதைப் பற்றி ராஸ் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். எனினும் அவர் தாம் வெப்பத்தால் வருந்துவதை அறிந்திருந்தார்; துருவையும் கண்ணாற் கண்டார். இக்காலத்துச் சோதனைத் தகட்டிற்கோ வியர்ப்பதில்லை; துருவேறுவதுமில்லை. கெட்டுப்போன பின்பும் அது கெடாததைப் போலவே தோன்றுகிறது. இதுவே நம் கவலைக்குக் காரணம்.

விரைவுச் சோதனை என்பது யாது? விரலைக் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைத் தகட்டின் ஒரு குழியில் இட்டு, அதற்குரிய திரவத்தைச் சில துளி விட்டால், கால் மணி அல்லது அரை மணி நேரத்திற்குள் ஒரு கோடோ இரண்டு கோடுகளோ தோன்றும். மின்சாரம் வேண்டா, நுண்ணோக்கி வேண்டா, பல மாதம் பயின்ற பரிசோதகரும் வேண்டா. மலேரியாவுக்கு இவ்வகைச் சோதனை 1990-களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. காய்ச்சல் கண்டவர்க்கெல்லாம் மலேரியா மருந்து கொடுக்கும் பழக்கத்தை விடுத்து, சோதித்து உறுதி செய்த பின்னரே கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010-இல் விதித்த பின், இதன் உபயோகம் மிகப் பெருகியது. 2010 முதல் 2021 வரை உலகில் விற்கப்பட்ட மலேரியா விரைவுச் சோதனைகள் ஏறத்தாழ 350 கோடி. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள தேசங்களுக்குச் சென்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் மலேரியாவால் மாண்டவர் ஏறத்தாழ 5,97,000 பேர் என்று அந்த ஸ்தாபனம் கணித்துள்ளது. அவர்களிற் பெரும்பாலார் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அக்குழந்தைகளின் உயிர் பெரும்பாலும் அந்த ஒரு கோட்டைப் பொறுத்தே நிற்கிறது.

கோடு தோன்றும் விதத்தை அறிந்தால்தான் வெப்பம் செய்யும் கேடு விளங்கும். தகட்டினுள்ளே நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளாலாகிய மெல்லிய பட்டை ஒன்று உளது. மை உறிஞ்சும் தாளைப்போல் அது திரவத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஈர்த்துச் செல்லும். அதன் தொடக்கத்தில் மிக நுண்ணிய பொன் துகள்கள் உலர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அத்துகள்களின்மேல் எதிர்ப்பொருள்கள் ஒட்டியிருக்கும். எதிர்ப்பொருள் என்பது நோயுண்டாக்கும் உயிரின் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளவல்ல புரதமாம். இரத்தத்தில் ஒட்டுண்ணியின் பொருள் இருப்பின், பொன் துகள் அதனைப் பற்றிக்கொண்டு பட்டையின் வழியே செல்லும். நடுவில் கோடாக இடப்பட்டிருக்கும் இரண்டாவது எதிர்ப்பொருள் அதை மறித்துப் பிடிக்கும். துகள்கள் அங்கே திரளுந்தோறும் செந்நிறக் கோடு புலப்படும். நோயில்லாதார் இரத்தமாயின் பிடிபடுவது ஒன்றுமின்மையால் கோடு தோன்றாது.

ஆகவே இச்சோதனை முழுதும் இரண்டு புரதங்களின் வடிவத்தைச் சார்ந்தது. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல் அவற்றின் மடிப்புகள் அமைந்திருக்கின்றன. வெப்பம் அம்மடிப்புகளைக் கலைக்கும். வெந்த முட்டை குளிர்ந்தபின் மீண்டும் பச்சை முட்டை ஆவதில்லை. அதுபோல வெப்பத்தாற் கலைந்த எதிர்ப்பொருளும் பின்னர்க் குளிர்ந்த அறையில் வைத்தமையால் சீர்ப்படுவதில்லை. ஈரமும் ஒரு பகையே. காற்றின் ஈரம் புகுந்தால் பட்டையின் உறிஞ்சும் வேகம் மாறும். உலர்ந்திருக்கவேண்டிய பொருள்கள் நாளடைவில் கெடும். அதனாலேயே ஒவ்வொரு தகட்டையும் உலோகத்தாள் உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் உடன் வைத்து முத்திரையிடுகின்றனர். அவ்வுறையை முன்கூட்டியே பிரித்து வைப்பது காவலை நாமே நீக்குவதாகும்.

வெப்பத்தின் கேடு எவ்வளவு விரைவில் நிகழும் என்பதற்கு இரசாயன நூல் ஒரு வழி காட்டுகிறது. இரசாயன மாறுதல்களின் வேகத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை 1889-இல் ஸ்வீடன் தேசத்து அறிஞர் அர்ரேனியஸ் ஒரு சமன்பாட்டால் விளக்கினார். அதிலிருந்து எழுந்த தோராயமான விதி ஒன்றை நம் கல்லூரி மாணவர் அனைவரும் படித்திருப்பர். 10 டிகிரி உயருந்தோறும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பதே அது. அதனை ஈண்டுப் பொருத்திப் பார்ப்போம். 30 டிகிரியில் 24 மாதம் கெடாதிருக்கும் ஒரு சோதனை 40 டிகிரியில் 12 மாதமே நிற்கும். 50 டிகிரியில் 6 மாதம். ஆயின் உறையின்மேல் அச்சிட்ட காலாவதித் தேதியோ மாறுவதில்லை. தகரக் கூரையின் கீழ் ஓர் ஆண்டு கிடந்த பெட்டி, தேதிப்படி இளமையோடும் உண்மையில் முதுமையோடும் இருக்கும்.

இக்கணக்கிலிருந்து வேறொரு பாடமும் கிடைக்கிறது. வெயிலில் நிறுத்தி மூடிய மோட்டார் வண்டியின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறக்கூடும். அவ்வண்டியில் 60 டிகிரி வெப்பத்தில் ஆறு மணி நேரம் கிடந்த பெட்டிக்கு மேற்சொன்ன விதிப்படி இரண்டு நாள் ஆயுளே குறையும். 40 டிகிரி அறையில் ஆறு மாதம் கிடந்த பெட்டிக்கோ ஓராண்டு ஆயுள் போய்விடும். பிரயாணத்தைவிட இருப்பறையே பெரிய பகைவன் என்று இதனால் தோன்றும். இது பெரும்பாலும் மெய்யே. எனினும் புரதங்கள் எப்போதும் இவ்விதிக்கு அடங்கி நடப்பன அல்ல. ஓரளவுவரை மெல்ல மெல்லக் கெட்டு, ஓர் எல்லையைக் கடந்தவுடன் சடுதியிற் கலைந்துவிடுதலும் உண்டு. ஆதலின் இருப்பறையை நாளும் கவனிக்கவேண்டும்; வண்டியைப் புறக்கணிக்கவும் கூடாது. சுங்கச் சாவடியிலும், விமானத் தளத்தின் திறந்த வெளியிலும், பேருந்தின் கூரைமேலும் பெட்டிகள் காத்துக்கிடக்கும் நேரமே பிரயாணத்தில் மிக அபாயமானது.

“தகடு கெட்டிருந்தால் அதுவே காட்டிக்கொடுக்குமே, அதற்குத்தானே சி என்னும் கட்டுப்பாட்டுக் கோடு உளது?” என்று சிலர் வினவலாம். இவ்வினாவே இவ்விஷயத்தின் உயிர்நிலை. கட்டுப்பாட்டுக் கோட்டில் இருப்பது வேறோர் எதிர்ப்பொருள். அது நோயின் பொருளைத் தேடுவதில்லை. கடந்து வரும் பொன் துகள்களின்மேலுள்ள புரதத்தையே பற்றுகிறது. ஆகவே திரவம் ஓடிற்று, துகள்கள் உடன் வந்தன என்பதற்கு மட்டும் அக்கோடு சாட்சி. துகளின் எதிர்ப்பொருள் நோயின் பொருளை இன்னும் அடையாளங் காணவல்லதா, நோய்க்கோட்டின் எதிர்ப்பொருள் இன்னும் உயிருடன் உளதா என்பவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தபாற்காரன் வீட்டு வாசலுக்கு வந்தான் என்பதால் கடிதம் வந்தது என்று ஆகுமா? வெப்பத்தாற் கெட்ட தகட்டில் கட்டுப்பாட்டுக் கோடு செவ்வனே தோன்ற, நோய்க்கோடு மட்டும் தோன்றாதிருத்தல் கூடும். அப்போது தகடு சொல்வது, “நோய் இல்லை” என்பது. அதனை நம்பித் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். பால்சிபாரம் வகை மலேரியா தக்க மருந்தின்றி இருப்பின் ஓரிரு நாளிலேயே கொடுமையுற்று உயிரைக் கவரக்கூடும்.

வேறொரு தீங்கும் உண்டு. சோதனை இல்லையென்று சொன்ன பின்னும் நோயாளி மலேரியாவால் வருந்துவதை ஊழியர் சில முறை காண்பாராயின், அவருக்குத் தகட்டின்மேலுள்ள நம்பிக்கையே அற்றுப்போம். பிறகு கோடு தோன்றினும் தோன்றாவிடினும் காய்ச்சற்காரர் எல்லார்க்கும் மருந்து கொடுக்கும் பழைய வழக்கமே திரும்பும். வீண் மருந்தும், மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணியும் அதன் பயன்கள். ஆகவே ஒரு பெட்டி கெட்டால் அப்பெட்டியோடு நஷ்டம் நிற்பதில்லை.

இனி, வெளியிடங்களில் உண்மையாக நிகழ்வதென்ன என்று ஆராய்ந்தவர் கண்டவற்றை நோக்குவோம். கம்போடியாவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் வெப்பப் பதிகருவிகளைப் பெட்டிகளுடன் அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. புர்க்கினா பாசோ, செனகல், எத்தியோப்பியா, பிலிப்பைன் ஆகிய நான்கு தேசங்களில் செய்யப்பட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. உற்பத்தியாளர் விதித்த 30 டிகிரி எல்லையைப் பல இடங்களில் பல நாள் வெப்பம் கடந்தது என்பது இவற்றால் விளங்கிற்று. இது நாம் எதிர்பார்த்ததே. ஆயினும் அத்தகைய வெப்பத்தைப் பட்ட சோதனைகள் யாவும் கெட்டொழியவில்லை. நன்கு செய்யப்பட்டவை பல திறமையுடன் நின்றன. இதனையும் நடுவுநிலையோடு சொல்லவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனமும் ஃபைண்ட் என்னும் நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கூடி 2008 முதல் 2018 வரை எட்டுச் சுற்றுகளாக மலேரியாச் சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தன. அவற்றில் ஒவ்வொரு வகையையும் 35 டிகிரியிலும் 45 டிகிரியிலும் ஈரம் மிகுந்த நிலையில் 60 நாள் வைத்துப் பின்னர்ச் சோதித்தனர். முன் சொன்ன தோராய விதிப்படி 45 டிகிரியில் 60 நாள் என்பது 30 டிகிரியில் ஏறத்தாழ 170 நாளுக்கு ஒக்கும். சில வகைகள் இத்தவத்தில் தேறின, சில வாடின. எனவே நாம் சோதனை என்னும் சாதியையே ஐயுறல் வேண்டா. எந்தச் சோதனை எவ்வளவு தாங்கும் என்று கேட்டறிந்து வாங்குதலே வேண்டும்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு நேரே தொடர்புடைய நுட்பம் ஒன்று உளது. மலேரியாச் சோதனைகள் பெரும்பாலும் இருவகைப் பொருளைத் தேடுகின்றன. ஒன்று எச்.ஆர்.பி.2 என்று சுருக்கிச் சொல்லப்படும் புரதம். அதைப் பால்சிபாரம் ஒட்டுண்ணி மட்டுமே உண்டாக்கும். மற்றொன்று பி.எல்.டி.எச். என்னும் நொதிப்பொருள், அதை எல்லா மலேரியா ஒட்டுண்ணிகளும் உண்டாக்கும். 2007-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதல் வகைச் சோதனைகள் வெப்பத்தை நன்கு பொறுத்தன. இரண்டாம் வகைச் சோதனைகள் அத்துணைப் பொறுக்கவில்லை. வைவாக்ஸ் வகை மலேரியாவோ எச்.ஆர்.பி.2 புரதத்தை உண்டாக்குவதில்லை. ஆதலின் அதை அறிதற்கு இரண்டாம் வகையே பெரிதும் உதவுகிறது. சென்னை நகரில் நெடுங்காலமாகப் பெரும்பான்மையாய் இருப்பது இவ்வைவாக்ஸ் மலேரியாவே. 2013 முதல் இந்திய அரசின் திட்டத்தில் வழங்கிவரும் இருவகை அறியும் தகடுகளில், பால்சிபாரத்திற்கு ஒரு கோடும் வைவாக்ஸுக்கு ஒரு கோடும் உள்ளன. ஒரே தகட்டில் ஒரு கோடு வெப்பத்தைத் தாங்கி மற்றொரு கோடு தளர்ந்திருத்தல் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்தக் கோடு நமக்கு மிகுதியும் வேண்டுமோ அதுவே மெலிந்ததாயின், நம் ஊர்க் கோடையை நாம் அசட்டை செய்தல் எங்ஙனம் தகும்?

நம் தேசத்திற்கு மட்டும் உரிய கவலையன்று இது. எச்.ஆர்.பி.2 புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே இழந்த பால்சிபாரம் ஒட்டுண்ணிகள் பெரு நாட்டில் இருப்பதை 2010-இல் அறிவித்தனர். பின்னர் ஆப்பிரிக்காவில் எரித்திரியா தேசத்தில் அவை மிகுந்திருப்பது தெரிந்து, அத்தேசம் 2016-இல் தன் சோதனை வகையையே மாற்றிக்கொண்டது. இவ்வாறு உலகம் இரண்டாம் வகைச் சோதனைகளை நோக்கிச் செல்லுமாயின், வெப்பத்தைப் பற்றிய கவலையும் அதனுடன் பெருகும். இன்று சிறிதாய்த் தோன்றும் அசட்டை நாளைப் பெரிய தவறாகக்கூடும்.

மலேரியாவைப் பற்றித் தொடங்கினேனாயினும் இது பல சோதனைகளுக்கும் பொருந்தும். கோவிட் பெருந்தொற்றின்போது நம் வீடுகளிலேயே இத்தகைய தகடுகள் புகுந்தன. கருவுற்றமையை அறியும் தகடும் இவ்வினத்ததே. 2021-இல் ஜெர்மனி தேசத்து ஆராய்ச்சியாளர் 11 வகைக் கோவிட் சோதனைகளை எடுத்து ஆராய்ந்தனர். 37 டிகிரி வெப்பத்திற்கு உட்பட்டபோது அவற்றுட் பலவற்றின் கூர்மை குறைந்தது. 2 முதல் 4 டிகிரிக் குளிரில் செய்தபோது சிலவற்றில் இல்லாத நோய் இருப்பதாகக் கோடு தோன்றிற்று. 37 டிகிரி என்பது நம் கோடையில் அசாதாரணமானதன்று. குளிரும் தீதே என்பதையும் இது காட்டுகிறது. வெப்பத்திற்கு அஞ்சித் தகடுகளைப் பனிக்கட்டியோடு வைப்பவர் வேறொரு பிழையைச் செய்கின்றனர். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் காற்றின் ஈரம் பட்டையின்மேல் பனித்துப் படியும். அறையின் வெப்பத்திற்கு வரும்வரை பொறுத்திருந்து பின்னரே பிரிக்கவேண்டும்.

“நன்று, ஆனால் இதற்கெல்லாம் பணம் எங்கே? மின்சாரமும் குளிர்ப்பெட்டியும் இல்லாத ஊர்களுக்காகவே இச்சோதனை ஏற்பட்டது. அதற்கும் குளிர்ப்பெட்டி வேண்டுமென்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடாதா?” என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வியே. என் விடை இது: குளிர் வேண்டா, தண்மை போதும். தடுப்பு மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி என்று நியமித்திருப்பது போன்ற கடுமையான காவல் இச்சோதனைகளுக்கு வேண்டுவதில்லை. கோடையின் உச்சியிலிருந்து சில டிகிரி குறைந்தாலே ஆயுள் பெருகும் என்பதை மேலே கணக்கிட்டோம். கம்போடியாவின் ஒதுங்கிய ஊர்களில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியைக் கொண்டு இயங்கும் எளிய பெட்டிகளில் மலேரியாச் சோதனைகளை வைத்துப் பார்த்து, 2010-இல் அதன் முடிவை வெளியிட்டனர். மின்சாரமில்லாமலே உள்வெப்பத்தைத் தணிக்க அப்பெட்டிகள் உதவின. மண்பானையில் தண்ணீர் குளிர்வதை நாளும் காணும் நமக்கு இதன் தத்துவத்தை விளக்கவும் வேண்டுமோ? காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் மட்டும் இம்முறையின் பயன் குறையும்.

தடுப்பு மருந்தின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க மற்றொரு படிப்பினையும் உண்டு. முன்பெல்லாம் மருந்துக் குப்பியைப் பார்த்து அது வெயிலிற் கிடந்ததா என்று சொல்ல எவராலும் இயலாதிருந்தது. 1996 முதல் போலியோச் சொட்டு மருந்துக் குப்பிகளின்மேல் ஒரு சிறு குறி ஒட்டப்பட்டு வருகிறது. அதன் நடுவிலுள்ள சதுரம் வெப்பம் பட்டுப் பட்டுக் கறுத்து, சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டினால் அம்மருந்தை எறிந்துவிட வேண்டும். எழுத்தறியாதவரும் இதைப் படிக்கலாம். எத்தனை நாள் எவ்வளவு வெப்பம் பட்டதென்ற முழுக் கணக்கையும் அச்சதுரம் தன்னுள் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு குப்பி மருந்துக்கு இச்சாட்சியை அளித்த உலகம், சோதனைத் தகடுகளின் பெட்டிக்கு அதனை விதியாக்காதிருத்தல் ஏன்? மருந்து கெட்டால் தீங்கு. நோயைச் சொல்லும் கருவி கெட்டாலும் அதே தீங்கு அன்றோ?

ஆதலின் நான் வேண்டுவன நான்கு. முதலாவது, சோதனைகளை வாங்குவோர் விலையை மட்டும் நோக்காது, எத்தனை டிகிரியில் எத்தனை நாள் தாங்குமென்று காட்டும் சான்றையும் நோக்கி வாங்கவேண்டும். 30 டிகிரியைத் தாங்கும் தகடும் 40 டிகிரியைத் தாங்கும் தகடும் நம் ஊரில் ஒரே பண்டம் அல்ல. இரண்டாவது, ஒவ்வொரு பெட்டியின்மேலும் வெப்பத்தைக் காட்டும் நிறக்குறி ஒன்று இருத்தல் வேண்டும். மூன்றாவது, இருப்பறை ஒவ்வொன்றிலும் அன்றன்றைய உயர்ந்த வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி ஒன்று தொங்கவேண்டும். அதைப் பார்த்து எழுதுவதற்கு ஒரு குறிப்பேடும் அருகில் இருக்கவேண்டும். நான்காவது, இருப்பிலுள்ள தகடுகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்து, நோயின் பொருள் இருப்பது முன்பே அறியப்பட்ட மாதிரியைக் கொண்டு சோதித்துப் பார்க்கவேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு சொல்லாததை இது ஒன்றே சொல்லவல்லது. இந்நான்கில் முதல் மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். நான்காவதற்குச் சிறிது பயிற்சியும் முயற்சியும் வேண்டும். ஆனால் தவறான ஒரு விடையால் போகும் உயிருக்கு விலை கூறுவார் யார்?

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-இல் ஏற்பட்ட ஆஷா ஊழியப் பெண்கள் பலர் கிராமங்களில் இச்சோதனைகளைத் தம் பைகளிற் சுமந்து வெயிலில் நடக்கின்றனர். அவர்கள் சுமப்பது உயிருள்ள பொருளைப் போன்றது என்பதை அவர்களுக்குச் சொல்ல நம் கல்லூரியில் இரசாயனமும் உயிர்நூலும் பயிலும் நீங்களே தக்கவர்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு வெப்பமானியைக் கொண்டு செல்லுங்கள். தகரக் கூரையின் கீழும், ஓட்டுக் கூரையின் கீழும், அலமாரியின் மேற்றட்டிலும் கீழ்த்தட்டிலும், நிறுத்தி வைத்த வண்டியினுள்ளும் அளந்து எழுதிவாருங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையிலும் சுகாதார நிலையத்திலும் மரியாதையோடு அனுமதி பெற்று அளந்து பாருங்கள். நூறு வரி உபதேசத்தைவிட ஒரு நாளின் அளவை அதிகம் சொல்லும். பழைய மாணவர்களாய் வைத்தியத் துறையிலும் வியாபாரத்திலும் அரசாங்க உத்தியோகத்திலும் இருக்கும் நண்பர்கள், வாங்கும் பத்திரத்தில் வெப்பத் தாங்குதலைப் பற்றி ஒரு வரி சேர்ப்பதற்குத் தம் செல்வாக்கை உபயோகிப்பார்களாக.

முதலிற் சொன்ன சிற்றூருக்குத் திரும்புவோம். அந்த அம்மையாரும் நானும் அன்றே வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவ்விடம் முழுதும் சுற்றினோம். பின்புறத்தில் ஓடு வேய்ந்த சிறிய அறை ஒன்று இருந்தது. வடக்குச் சுவரோரம், தரைக்கு ஓரடி மேலே, 33 டிகிரி காட்டிற்று. அதுவும் விதித்த எல்லைக்கு மேற்பட்டதே. எனினும் எட்டு டிகிரி குறைவு. பெட்டிகளை அவ்விடத்திற்கு மாற்றினோம். பத்து நிமிஷ வேலை. ஒரு காசும் செலவில்லை. ஆனால் அதற்கு முன் மேற்றட்டிற் கிடந்த மாதங்களை அப்பெட்டிகளுக்கு எவர் திருப்பிக் கொடுப்பார்? அப்பெட்டிகளிலிருந்து சில தகடுகளை மேலிடத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி கேட்டு அந்த அம்மையார் ஒரு கடிதம் எழுதினார். புதிய பெட்டி வரும்வரை, தகடு இல்லையென்று சொன்னாலும் காய்ச்சல் குறையாதவரை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவதென்றும் அவரே முடிவு செய்தார். “அட்டைதானே” என்று சொன்ன வாய், “இதுவும் மருந்துதான்” என்று சொல்ல ஒரு வெப்பமானியும் அரை மணி நேரமும் போதுமாயிருந்தன. நம் நாட்டின் மற்ற அலமாரிகளுக்கும் அவ்வளவே வேண்டும்.